சேத்துமடைக்கு இந்தப்பக்கம் செய்ய வேண்டியவை
(முதல்முறை காட்டுக்குப் போகிறவர்களுக்கு)

பொள்ளாச்சியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. லீவு வந்தால் போதும், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது போன் பண்ணுவார்கள். "மாமா, இந்த சனி ஞாயிறு டாப்ஸ்லிப் வர்றோம். அங்க என்னென்ன பார்க்கலாம்?" என்னென்ன பார்ப்பீர்கள் என்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. எந்த மாதம், எத்தனை மணிக்கு, யாரோடு, எதைத் தூக்கிக்கொண்டு போவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதெல்லாம் சேத்துமடை செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கமே முடித்துவிட வேண்டிய வேலை. அந்தப்பக்கம் போனபின் யோசித்துப் பயனில்லை. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை எழுதிவைக்கிறேன். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நான்காவதையும் எட்டாவதையுமாவது படித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

1. முதலில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். டாப்ஸ்லிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. முன்பு இந்திரா காந்தி வனவிலங்குச் சரணாலயம் என்று பெயர். 2007-ல் புலிகள் காப்பகமானது. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். அதே பாதையில் மேலே போனால் பரம்பிக்குளம். அது கேரளா, பாலக்காடு மாவட்டம். ஆனால் பாலக்காட்டுக்காரர்களே அங்கே வண்டியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி வந்து, சேத்துமடை ஏறித்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் நிற்கின்றன. பராமரிப்பது தமிழ்நாடு அரசு. ஆகவே உங்களுக்கு இரண்டு மாநிலம், இரண்டு செக்போஸ்ட், இரண்டு கட்டணம், இரண்டு விதமான விதிமுறைகள். சேத்துமடையில் வாங்கிய சீட்டைக் கேரளச் செக்போஸ்ட்டான ஆனப்பாடியில் நீட்டிவிட்டு "அங்கயே குடுத்துட்டோமே" என்று சண்டை போடுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "டாப்ஸ்லிப் பார்த்துட்டு அப்படியே வால்பாறை போயிடறோம்" என்பார்கள். வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் நீங்கள் திரும்பக் கீழே இறங்கி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் வால்பாறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் புறப்பட்டவர்கள் பார்த்தது ரோட்டை மட்டும்தான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

2. மாதம். டிசம்பர், ஜனவரி நடக்கச் சுகம். காலையில் புல்லெல்லாம் பனி நனைத்திருக்கும், வெயில் உறைக்காது, இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறையில் ஊரே அங்கே நிற்கும். அந்தக் கூட்டத்தோடு போவதற்குப் பதில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் ஒரு செவ்வாய், புதன் லீவு போட்டுவிட்டுப் போகலாம். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலும் வழியில்தான் இருக்கிறது. அமாவாசையன்றும் வெள்ளிக்கிழமையும் கோயில் கூட்டத்தில் அந்த ஊரைத் தாண்டுவதற்குள் காலை வெளிச்சம் போய்விடும். நாள் பார்க்கும்போது காலண்டரில் அதையும் பாருங்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேக்கு இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி மிருகங்கள் வரும். பார்ப்பதற்கு அதுதான் நல்ல காலம் என்று புத்தகங்கள் சொல்லும். காட்டுத்தீக்கும் அதுவே காலம். நடைபயணத்தை நிறுத்திவிடுவார்கள், வறட்சி கடுமையானால் காப்பகத்தையே மூடுவதும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாது. மழையில் காடு அழகுதான், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அட்டைக்கடியில் பயந்து திரும்பி வந்தவர் இரண்டாம் முறை வருவதில்லை.

3. அறை, சஃபாரி, நடைபயணம் எதுவானாலும் வனத்துறையின் முறையான வழியில் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். "எனக்கு ரேஞ்சரைத் தெரியும்" என்பவரை நம்பிக் கிளம்பாதீர்கள். ரேஞ்சர் மாறியிருப்பார். நேரம், கட்டணம், வண்டி விதிகள் எல்லாம் அடிக்கடி மாறுகிறவை. போன வருஷம் போய்வந்தவர் சொன்னதை வைத்துக்கொள்ளாமல், புறப்படும் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. தீ. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்ட நடைபயணிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், வேலை பார்க்கிற பெண்கள், வார விடுமுறைக்கு வந்தவர்கள். காய்ந்த போதைப்புல் நிறைந்த மலைச்சரிவு. அதற்குப் பிறகுதான் அரசு நடைபயணத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களை வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறார்கள். டாப்ஸ்லிப்பிலும் ஆழியாறு பக்கத்திலும் அதில் பாதைகள் உண்டு. முதல்முறை போகிறவர் 'எளிது' என்று போட்டிருப்பதை எடுங்கள். மலை எளிது வேறு, மாடிப்படி எளிது வேறு.

தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. அதனால் சரிவு செங்குத்தாக இருக்க இருக்க வேகம் கூடும். பயந்தவன் காலோ தானாகவே மேட்டைப் பார்த்துத்தான் ஓடும், உச்சிக்குப் போனால் தப்பித்துவிடலாம் என்று. மனிதன் மேட்டில் ஓடுகிற வேகத்தைத் தீ சுலபமாகத் தாண்டிவிடும். புகை வாடை வந்தாலே நின்று, காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வழிகாட்டி சொல்கிற பக்கம் இறங்க வேண்டும். வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம், இவைதான் அடைக்கலம். உயரமான புல்லுக்குள் மட்டும் புகக் கூடாது. நைலான், பாலியெஸ்டர் துணி அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் பருத்தி போடுங்கள்.

தீக்காலத்தில் பாதை மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது. காசு கொடுத்தால் குறுக்குவழியில் கூட்டிப்போகிறேன் என்று எவராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பீடி, சிகரெட், சமையல் அடுப்பு பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டியிருந்தால் நீங்கள் வராதீர்கள்.

5. யாரோடு போவது? ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டால் பேச்சும் பாட்டும் நிற்காது, அதைக் கேட்டுக்கொண்டு எந்த மிருகமும் ரோட்டோரம் நிற்காது. எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை அவசியம் கூட்டிப்போங்கள். பெரியவர்களை விட அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். கைக்குழந்தையோடு சஃபாரி வேன் ஏறுவது அந்தக் குழந்தைக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். முழங்கால் வலி உள்ள அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று கிடையாது. ஓய்வு விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே டாப்ஸ்லிப்பில் புள்ளிமான் பார்க்கலாம், மலையணில் பார்க்கலாம், அந்திக்குக் காட்டுப்பன்றியும் வரும்.

பாட்டில் இல்லாமல் வர முடியாத நண்பனை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். உடைந்த பாட்டில் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று எந்த வனக் கால்நடை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பாதம் சீழ் பிடித்து, நடக்க முடியாமல், அது பட்டினி கிடந்தே சாகும்.

6. மூட்டை. குறைவாக இருக்க வேண்டும். ஆனால் சில சாமான் இல்லாமல் போகக் கூடாது.

மண் நிறம், இலை நிறம், சாம்பல் நிறம் இப்படி மங்கலான உடை. வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பு மஞ்சளும் வேண்டாம். சென்ட் அடிக்காதீர்கள்; யானைக்கு மூக்குதான் கண். மழைக்காலத்தில் ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. பழகிய ஷூ போடுங்கள். முந்தின நாள் வாங்கிய புது ஷூ பத்து மணிக்குள் கொப்புளம் போட்டுவிடும். நடக்கிற நாளுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். டார்ச் ஆளுக்கொன்று, செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு நாளைக்குக் கூடுதலாக. ரொக்கப் பணம் அவசியம், ஏனென்றால் சேத்துமடை தாண்டினால் பெரும்பாலான போன்களுக்குச் சிக்னல் போய்விடும்; ஜிபே நினைப்பை மறந்துவிடுங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒரு பைனாகுலர் கட்டாயம். கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டி விற்கப் பார்ப்பார். 8x42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். எட்டு மடங்கே போதும். பத்து, பன்னிரண்டு போனால் கை ஆட்டத்தில் பறவை நடுங்கும், இருட்டுக் காட்டில் வெளிச்சமும் பற்றாது. இரண்டு பேருக்கு ஒன்று என்று பங்கு போடாதீர்கள். இருவாச்சி பறக்கிற நேரம் அந்தப் பங்கு சண்டையில் முடியும்.

படிக்க வேண்டுமென்றால் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' இருக்கிறது. மா. கிருஷ்ணன் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' இருக்கிறது. போவதற்கு முந்தின வாரம் படியுங்கள். அங்கே போய்ப் புத்தகத்துக்குள் தலையை விடாதீர்கள்.

7. சாப்பாடு. புளிசாதம், எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், வாழைப்பழம். டிபன் கேரியரில் அல்லது வாழை இலையில். ஒரு பிளாஸ்டிக் கவர்கூடச் செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாது, பிஸ்கட் உறையையும் சேர்த்துத்தான். இதைச் சொன்னால் பெரிசு ஏதோ பிரசங்கம் பண்ணுது என்று சிரிப்பீர்கள்.

ஆனால் இதைக் கேளுங்கள். ஒருநாள் ஒரு வனத்துறை வாட்சர் பாதையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யானை லத்தியை ஒரு குச்சியால் பிரித்துக் காட்டினார். மூங்கில் நார், மரப்பட்டைத் துண்டு, செரிக்காத விதைகள், அதற்கு நடுவே ஒரு பால் கவரின் மூலை, சாம்பார்பொடி பாக்கெட்டின் சிவப்பு எழுத்து, ரப்பர் பேண்ட். எழுத்தைப் படிக்க முடிந்தது. யானை தேடிப்போய் அதைத் தின்னவில்லை. உள்ளே ஒட்டியிருந்த உப்பும் சோறும் மணத்தன, அதனால் கவரோடு விழுங்கியிருக்கிறது. இது வெளியே வந்தது. வராமல் குடலிலேயே தங்குவதும் உண்டு.

குரங்குக்குக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு நீங்கள் கொடுக்கிற பழம்தான் நாளைக்கு வேறொருத்தியின் கைப்பையை அது பறிப்பதற்கான பாடம். மானுக்கும் பன்றிக்கும் அதே கதைதான். அதோடு அது சட்டப்படி குற்றமும்கூட.

8. யானை. வண்டியில் போகும்போது குறுக்கே நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட்டை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று நுழைய வேண்டாம். பின்னால் வண்டிகள் வந்து அடைத்துக்கொள்வதற்கு முன்னால் மெதுவாக ரிவர்ஸ் எடுத்து இடம் விடுங்கள். அது போகும். அரைமணி நேரமும் ஆகலாம். உங்களுக்கு என்ன அவசரம்? லீவில்தானே வந்திருக்கிறீர்கள்?

காதை விசிறிக்கொண்டு நின்றால் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். விசிறல் நின்று, காதை விரித்து, தலையைத் தூக்கி, துதிக்கையை உங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தால் உங்களைப் பற்றித்தான் யோசிக்கிறது. காலால் மண்ணைக் கிளறினாலோ நாலடி ஓடிவந்து நின்றாலோ அது எச்சரிக்கை. அதுக்கு மேல் நின்று படம் எடுக்காதீர்கள். ஆண்யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் கறுப்பாக ஈரம் வடிந்த கோடு தெரிந்தால் மதம். அன்றைக்கு அந்தப் பாதையே வேண்டாம். குட்டி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் இருந்தால் நடுவில் போவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள்.

நடந்து போகும்போது வழிகாட்டி முன்னால், நிதானமான ஆள் ஒருவர் கடைசியில், மற்றவர்கள் நடுவில் ஒற்றை வரிசை. வழிகாட்டி கை தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும், "என்னண்ணா?" என்று கேட்கக் கூடாது. ஒதுங்கப் போனாலும் சொல்லிவிட்டு, அவர் காட்டுகிற இடத்தில்தான். அவர் அடிக்கடி ஒரு பிடி புழுதியைத் தூவிப் பார்ப்பார். காற்று நம் பக்கமிருந்து யானையின் பக்கம் அடிக்கிறதா என்று பார்க்கிற வேலை அது. பாதையில் கிடக்கும் லத்தியில் பச்சை மாறாமல், ஈரம் பளபளத்து, ஈ மொய்த்தால் யானை பக்கத்தில் இருக்கிறது. காய்ந்து, காளான் முளைத்திருந்தால் கவலையில்லை.

யானையைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள். கரடிக்கும் தனியாகத் திரியும் காட்டுமாட்டுக்கும் பயப்படுவதில்லை, அதுதான் தப்பு. கரடி கறையான் புற்றில் மூக்கை விட்டுக்கொண்டிருந்தால் நாம் வருவது அதற்குக் கேட்காது. மிக அருகே போய்த் திடுக்கிட வைத்தால் முகத்தைத்தான் பிறாண்டும். புதிதாகத் தோண்டிய புற்று தென்பட்டால் பேச்சைக் குறைக்காமல் சற்றுச் சத்தமாகவே நடக்கலாம். இருட்டிய பிறகு விடுதி வாசலைத் தாண்டாதீர்கள். பத்தடி தள்ளிக் கறுப்பாகப் பாறை மாதிரி நிற்பது காட்டுமாடு என்று அது மூச்சுவிடும்போதுதான் தெரியும்.

9. புலி பார்க்க முடியுமா? முடியாது என்று நினைத்துக்கொண்டு போங்கள். புலி இருக்கிறது. ஆனால் ஆனைமலையில் காடு அடர்த்தி. கபினி, தடோபா போன்ற இடங்களில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து வேனில் முகத்தைத் தொங்கப்போடுகிறவர்கள் அதிகம். புள்ளிமான் திடீரென்று ஒற்றைக் குரலில் கத்தினாலும், கருமந்தி மரத்து உச்சியிலிருந்து இருமினாலும், அந்தப் பக்கம் புலியோ சிறுத்தையோ நகர்கிறது. அதைக் காதால் கேட்டதே பெரிய விஷயம் என்பேன். செந்நாய்க் கூட்டத்தைப் பார்க்கிற வாய்ப்பு புலியை விட அதிகம். அதைத் தெருநாய் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சிவந்த உடம்பு, கறுத்த புசுபுசு வால்.

10. செல்ஃபிக்காக வண்டியை விட்டு இறங்காதீர்கள். ட்ரோன் கொண்டுவராதீர்கள். பாட்டு போடாதீர்கள்.

11. உங்களைக் கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் காடராகவோ மலசராகவோ மலைமலசராகவோ இருப்பார். ஆனைமலையில் ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள். முதுவர், இரவாளர், புலையர் மற்ற மூவர். 'அண்ணா' என்று கூப்பிடுங்கள். 'டேய்', 'வா போ' எல்லாம் வேண்டாம், வயதில் சின்னவராக இருந்தாலும். அவர் வீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்; உங்கள் வீட்டு வாசலில் யாரோ கேமராவோடு நின்றால் நீங்கள் விடுவீர்களா?

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாம்ணா, காசு தர்றோம்" என்று அவரை நெருக்காதீர்கள். இது எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம். ஏதாவது நடந்துவிட்டால் நீங்கள் ஆம்புலன்ஸில் போவீர்கள், விசாரணையில் நிற்பது அவர்தான். தற்காலிக வேலை, அதுவும் போய்விடும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

12. எல்லோரும் மிருகம் தேடுகிறார்கள். மரத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். டாப்ஸ்லிப்பில் நீங்கள் முதலில் பார்ப்பது தேக்கு, அதுவும் நட்டு வளர்த்த தேக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கப்பலுக்கும் ரயில்பாதைக்கும் இந்த மலையை வழித்தெடுத்தார்கள். வெட்டிய மரத்தை மேலிருந்து சரிவில் உருட்டிவிட்டு, கீழே பிடித்து ஏற்றினார்கள். மலை மொட்டையான பிறகு வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட். வெட்டிய அடிமரம் துளிர்க்க விட்டு, புதிதாக நட்டு, வெட்டுவதை முறைப்படுத்தி, தேக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்தார். அவர் விருப்பப்படியே டாப்ஸ்லிப்பில் தேக்குகளுக்கு நடுவே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச்சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார் என்கிற பொருளில். விடுதியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். முதல்முறை போகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

மரியாதையோடுதான் சொல்கிறேன், தேக்குத் தோட்டம் முழுக் காடு ஆகாது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தேக்குக்கு அடியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். மரங்கள் எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம்; வெயில் தரை வரை விழும்; காலடியில் அப்பளம் போல் நொறுங்கும் பெரிய இலைகள்; அங்கங்கே உண்ணிச்செடிப் புதர். பிறகு அனுமதியும் வழிகாட்டியும் கிடைத்தால் கரியன் சோலை என்கிற இயற்கைக் காட்டுக்குள் போங்கள். பத்தடி உள்ளே வைத்ததும் வெயில் நின்றுவிடும், கண்ணாடியில் ஆவி படியும். மரத்து மேல் கொடி, கொடி மேல் பாசி, பாசிக்குள் பூஞ்சை, அதற்கு மேல் எங்கோ இருவாச்சி சிறகடிக்கிற சத்தம், ரயில் வருகிற மாதிரி. காட்டைப் படிக்கத் தொடங்குவதற்கு இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. பரம்பிக்குளம் வரை போனால் கன்னிமாரா தேக்கு என்று ஒன்று இருக்கிறது, நட்டதல்ல, தானாக நின்றது. வயது நானூறுக்கும் மேல் என்கிறார்கள். சுற்றிப் பிடிக்கப் பல பேர் கைகோக்க வேண்டும். தொட்டுப் பாருங்கள், பெயர் செதுக்காதீர்கள்.

13. கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போனால் உணவு கொடுக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ராகிக் களியும் கொள்ளும் உருண்டை பிடித்து, எடை பார்த்து ஊட்டுவார்கள். கலீம் என்ற பேர்பெற்ற கும்கி யானை 2023-ல் 60 வயதில் ஓய்வு பெற்றது அங்கேதான். வனத்துறையினர் அதற்குச் சல்யூட் வைத்து விடைகொடுத்தார்கள். முகாம் யானைதானே என்று தும்பிக்கையைத் தொடப் போகாதீர்கள். பாகன் சொன்னால் தொடலாம், சொல்லாவிட்டால் இல்லை.

14. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி வண்டியில் போட்டுப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனை. அதனால்தான் வண்டியை எப்போதும் வெளியே போகிற பக்கம் பார்த்து நிறுத்தச் சொல்கிறேன்.

15. அட்டையும் உண்ணியும். மழைக்காலத்தில் அட்டை. பேண்ட்டை சாக்ஸுக்குள் விடுங்கள். முடிந்தால் முழங்கால் வரைக்கும் வருகிற அட்டை சாக்ஸ் வாங்குங்கள். கடித்துக்கொண்டிருக்கும்போது பிய்க்காதீர்கள், நகத்தால் வாய் பக்கம் தள்ளினால் விட்டுவிடும். உப்பு, புகையிலைத் தண்ணீர் வைத்தாலும் விழும். ரத்தம் நிற்காமல் ஓடும், பயப்பட வேண்டாம், அதன் எச்சில் உறைய விடாது. கழுவிவிட்டுத் துணி வைத்து அழுத்துங்கள், போதும்.

அட்டை வெறும் அருவருப்புதான். புல்லில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணிப் பூச்சிகள்தான் கவலைக்குரியவை. புல்தரையில் படுக்காதீர்கள். விடுதிக்குத் திரும்பியதும் போட்டிருந்த உடையைத் தனியாக ஒரு துணிப்பையில் கட்டி வையுங்கள், வெந்நீரில் குளித்து இடுப்பு, அக்குள், தொடை மடிப்பு எல்லாம் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தத் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள், ஏன் மூன்று வாரம் கழித்துக்கூடக் கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தால் "சாதாரண வைரல்" என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அந்தப் பூச்சிக் கடியால் வருகிற ஸ்க்ரப் டைபஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு. உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட தழும்பு போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகிவிடும்; விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகும். டாக்டர் கேட்க மாட்டார், நீங்களாகவே சொல்லுங்கள்: இன்ன தேதியில் காட்டுக்குப் போயிருந்தேன், புல்லில் நடந்தேன் என்று. தேதியை எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் கொடுத்த சீட்டைத் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருந்தாலே போதும், அதில் தேதி இருக்கும்.